வெப்பமானிக்கு வீசிய விசிறி
(வளியின் வெப்பநிலையை அளந்த வரலாற்றில் காற்றும் வலுவும்)

வளியின் வெப்பநிலையை அளப்பது எளிய செயல் என்றே பலரும் கருதுவர். வெப்பமானியொன்றை வெளியே தொங்கவிட்டுச் சிறிது நேரங்கழித்து வாசித்தால் போதும் என்பது பொதுவான எண்ணம். ஆயின் வானிலை அவதானத்தின் வரலாற்றை நோக்குமிடத்து, அறிஞர்களை நெடுங்காலம் அலைக்கழித்த அளவீடுகளுள் இதுவும் ஒன்று என்பது புலனாகும். வெப்பமானி தனது வெப்பநிலையையே காட்டுகின்றது. அதன் குமிழ் சூழவுள்ள வளியோடு வெப்பத்தைப் பரிமாறுகின்றது. அதேவேளை ஞாயிற்றின் கதிர்களையும், சூடேறிய நிலத்தினதும் சுவரினதும் கதிர்வீசலையும் ஏற்கின்றது. இரவில் தெளிந்த வானத்தை நோக்கித் தன் வெப்பத்தை இழக்கின்றது. வளியோடு நிகழும் பரிமாற்றம் மற்றையவற்றை விஞ்சி நிற்கும்போது மட்டுமே குமிழின் வெப்பநிலையும் வளியின் வெப்பநிலையும் ஒன்றாகும்.

இப்பரிமாற்றத்தை விஞ்சச் செய்வதற்கு இரண்டு வழிகளே உள. ஒன்று, கதிர்களை மறைத்தல். அதாவது நிழல் தருதல். மற்றையது, குமிழைச் சுற்றி வளியை இடையறாது ஓடச் செய்தல்; அதாவது காற்றுத் தருதல். நிழல் தருவதற்கு ஒரு பலகையோ கூரையோ போதும். காற்றுத் தருவதற்கோ வலு வேண்டும். அவ்வலு எங்கிருந்து வரும்? வீட்டு முற்றத்தில் சிறு வானிலை நிலையம் அமைத்து, அதிலுள்ள கையகலக் காற்றோட்ட விசிறியை இரவும் பகலும் எவ்வாறு சுழலச் செய்வது என இன்று ஆராயும் ஒருவர், ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகக் கேட்கப்பட்டு வரும் அதே வினாவையே கேட்கின்றார். அவ்வினாவுக்குக் காலந்தோறும் அளிக்கப்பட்ட விடைகளையும், அவ்விடைகள் அறிவியலின் போக்கைப் பாதித்தவாற்றையும் எடுத்துக் காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிழல் தந்த பெட்டி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை வெப்பமானியை எங்கே, எவ்வாறு வைப்பது என்பதில் ஒருமைப்பாடு இருக்கவில்லை. வடக்கு நோக்கிய யன்னலுக்கு வெளியே மாட்டியோர் பலர். வீட்டின் சுவரும் அறையின் சூடும் வெப்பமானியின் அளவைப் பாதிக்கும் என்பதை உணர்ந்தோர் சிலர். இங்கிலாந்தின் கிறீனிச் அவதான நிலையத்தில் பணியாற்றிய ஜேம்ஸ் கிளெய்சர் 1840களில் ஒரு தாங்கியை வகுத்தார். சாய்ந்த பலகையொன்று வெப்பமானிகளுக்கு நிழல் தரும், முன்புறம் திறந்திருக்கும், ஞாயிறு நகர நகர அவதானிப்பவர் தாங்கியைத் திருப்பிவிட வேண்டும். திருப்ப மறந்தால் வெயில் நேரே குமிழின் மீது விழும்.

இதற்கு மாற்றாக 1860களில் தோமஸ் ஸ்டீவன்சன் ஒரு பெட்டியை அறிமுகஞ் செய்தார். வெளிச்சவீடுகளைக் கட்டிய பொறியியலாளரான இவர், 'புதையல் தீவு' என்னும் நாவலை எழுதிய றொபேட் லூயிஸ் ஸ்டீவன்சனின் தந்தையுமாவார். நான்கு பக்கமும் சாய்ந்த இரட்டைச் சட்டங்களால் அமைந்து வெண்ணிறம் பூசப்பெற்ற இப்பெட்டியினுள் வெயில் எத்திசையிலிருந்தும் நுழையாது; காற்றோ சட்டங்களின் இடைவெளி வழியே எத்திசையிலிருந்தும் நுழையும். உலகெங்கும் வானிலை நிலையங்களின் அடையாளமாக விளங்கும் வெண்பெட்டி இதன் வழிவந்ததே.

இப்பெட்டி ஏற்புடையதா என்பதை முடிவு செய்த பரிசோதனைகள் பெரிய அவதான நிலையமொன்றில் நடைபெறவில்லை. இங்கிலாந்தின் ஹம்ஷயர்ப் பகுதியிலுள்ள ஸ்திராத்ஃபீல்ட் டேர்ஜிஸ் என்னும் சிற்றூரில், சாள்ஸ் கிறிஃபித் என்னும் மதகுரு 1860களின் இறுதியில் தமது இல்ல வளாகத்திலே பல்வகைத் தாங்கிகளையும் பெட்டிகளையும் அருகருகே நிறுத்தி, அவற்றின் அளவுகளை ஒப்பிட்டார். இவ்வளவுகளே பின்னர் பிரித்தானிய வளிமண்டலவியலாளர் தமக்குள் ஒரு நியமத்தை வகுத்துக்கொள்ளத் துணைசெய்தன. வீட்டு வானிலை நிலையம் என்பது பொழுதுபோக்கின் பாற்பட்டது எனக் கருதுவோர் இவ்வுண்மையை மனங்கொள்ளல் தகும்.

ஸ்டீவன்சன் பெட்டி வலுவைப் பற்றிய வினாவுக்கு ஒரு விடையைத் தன்னுள் கொண்டிருந்தது. குமிழைச் சுற்றி வளியை ஓடச்செய்யும் பொறுப்பை அது இயற்கைக் காற்றிடமே விட்டது. அதற்குச் செலவில்லை, பழுதில்லை, எவரும் அருகிருந்து இயக்க வேண்டியதுமில்லை. ஆனால் இயற்கைக் காற்று வேண்டியபோது வருவதன்று. வெயில் கடுமையாகவும் காற்று அசைவற்றும் இருக்கும் நண்பகலில் பெட்டியின் சட்டங்கள் சூடேறுகின்றன. அவற்றைத் தொட்டு நிற்கும் உள்வளியும் சூடேறுகின்றது. வெப்பமானி வெளிவளியை விட ஓரிரு பாகை கூடுதலாகக் காட்டுகின்றது. காற்று மிகத் தேவைப்படும் வேளையிலேயே அது கிடைக்காமற் போகின்றது என்பதே இப்பெட்டியின் அடிப்படைக் குறைபாடாகும்.

அயனமண்டல நாடுகளில் இக்குறைபாடு வேறொரு வகையில் எதிர்கொள்ளப்பட்டது. இந்தியாவிலும் இலங்கையிலும் வெப்பமானிகள் நெடுங்காலம் வேய்ந்த கூரையையுடைய திறந்த கொட்டில்களில் வைக்கப்பட்டன. உச்சி வெயிலைத் தடுப்பதற்குத் தடித்த கூரை. சிறு காற்றும் தடையின்றிச் செல்வதற்குத் திறந்த பக்கங்கள். இந்நாட்டுக் குடிசைகளின் அமைப்பிலே பொதிந்துள்ள பட்டறிவே இங்கும் பயன்பட்டது எனலாம். பின்னர் ஸ்டீவன்சன் பெட்டி இங்கும் வந்தது. கொட்டிலில் எடுத்த அளவையும் பெட்டியில் எடுத்த அளவையும் ஒரே தொடராகக் கொள்ளலாமா என்னும் ஐயம் அதனோடு எழுந்தது. கொழும்பு அவதான நிலையத்தைச் சார்ந்த ஏ. ஜே. பாம்ஃபோர்ட் இலங்கையில் வெப்பமானிகள் வைக்கப்படும் முறை பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரை 1928இல் இலங்கை அறிவியற் சஞ்சிகையில் வெளிவந்தது. உலக வெப்பநிலைப் பதிவுகளை ஆராய்வோர் பிற்காலத்தில் அக்கட்டுரையைத் தேடியெடுத்து எடுத்தாண்டனர். கூரையும் பெட்டியும் மாறியதால் ஏற்பட்ட வேறுபாட்டைக் காலநிலை மாறியதால் ஏற்பட்ட வேறுபாடாகக் கொண்டுவிடக் கூடாதல்லவா?

கைவலுவும் துருத்தியும்

இயற்கைக் காற்றை எதிர்பார்த்திராது செயற்கையாகக் காற்றை உண்டாக்க முயன்றோர் முதலிற் பயன்படுத்தியது மனிதக் கையையே. வெப்பமானியைக் கயிற்றிற் கட்டிக் கவண்போலச் சுழற்றும் முறையைப் பிரெஞ்சு அறிஞர் பிரான்சுவா அரகோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கைக்கொண்டார். காற்று வெப்பமானியிடம் வராவிடின் வெப்பமானி காற்றிடம் செல்லட்டும் என்பதே இதன் தத்துவம். கைப்பிடியிற் சுழலும் ஈரமானிகள் இம்மரபில் வந்தவையே.

ஈரமானிக்குக் காற்றோட்டம் இரட்டிப்பான தேவையாகும். ஒரு குமிழ் உலர்ந்தும் மற்றையது ஈரத்துணி சுற்றியும் இருக்க, ஈரக்குமிழிலிருந்து நீர் ஆவியாகும் அளவைக் கொண்டே வளியின் ஈரப்பதன் கணிக்கப்படுகின்றது. ஆவியாதலோ காற்றின் வேகத்தைப் பொறுத்தது. எனவே காற்று இருந்தால் மட்டும் போதாது; ஏறத்தாழ அறியப்பட்ட வேகத்தோடு இருத்தல் வேண்டும். இயற்கைக் காற்றினால் இதனை உறுதிப்படுத்த முடியாது. கைச்சுழற்சியும் ஆளுக்காள் வேறுபடும்; வாசிப்பதற்காகச் சுழற்சியை நிறுத்திய கணத்திலேயே குமிழ் மீண்டும் கதிர்களின் வயப்படத் தொடங்கும்.

இச்சிக்கல் மிகக் கூர்மையாக வெளிப்பட்ட இடம் நிலமன்று, வானமாகும். மேல்வளியின் வெப்பநிலையை அறியப் பலூனில் ஏறிய அறிஞர்கள் விந்தையான ஒரு நிலைக்கு ஆளாயினர். பலூன் காற்றோடு காற்றாக மிதந்து செல்வதால் அதில் இருப்பவருக்குக் காற்றே வீசுவதில்லை. அதேவேளை மேலே செல்லச் செல்ல வெயில் கூர்மையடைகின்றது; வளி அடர்த்தி குறைந்து வெப்பத்தைக் கொண்டுசெல்லும் ஆற்றலை இழக்கின்றது. நிழல் அரிது, காற்று இல்லை, தவறு பெரிது.

இதனை உணர்ந்தவர் கியூ அவதான நிலையத்தைச் சேர்ந்த ஜோன் வெல்ஷ். அவர் 1852இல் நான்கு முறை பலூனில் ஏறினார். வெப்பமானிகளைக் குழாய்களுள் வைத்து, துருத்தியின் துணையால் அவற்றினூடே வளியை உறிஞ்சும் கருவியை உடன் கொண்டு சென்றார். கருத்தளவில் இதுவே பிற்கால விசிறிக் கருவிகள் அனைத்துக்கும் முன்னோடி. ஆயின் அது மரபாக நிலைபெறவில்லை. பத்து ஆண்டுகளின் பின் ஜேம்ஸ் கிளெய்சர் வானேறினார். 1862 செப்டெம்பர் 5ஆம் நாள் வொல்வர்ஹம்ரனிலிருந்து ஹென்றி கொக்ஸ்வெல்லோடு ஏறிய அவர், ஏறத்தாழ 8,800 மீற்றர் உயரத்தில் உணர்விழந்தார். கைகள் உறைந்து செயலிழந்த கொக்ஸ்வெல் கயிற்றைப் பற்களாற் கடித்து இழுத்து வாயுவை வெளியேற்றியதாலேயே இருவரும் உயிர் தப்பினர். இத்தகைய துணிவோடு பெறப்பட்ட கிளெய்சரின் அளவுகள் ஒரு தலைமுறைக் காலம் மேல்வளி பற்றிய அறிவின் ஆதாரமாக விளங்கின. ஆனால் போதிய காற்றோட்டமின்றி எடுக்கப்பட்ட அவ்வளவுகள் உயரத்தே உண்மையை விடக் கூடிய வெப்பநிலையைக் காட்டின என்பது பின்னர் தெளிவாயிற்று. உயிரைப் பணயம் வைத்து ஈட்டிய எண்களும் ஒரு துருத்தியின்மையாற் பிழைபடலாம் என்பது இவ்வரலாறு தரும் படிப்பினையாகும்.

மருத்துவரின் கருவி

இப்பிழையை வெளிப்படுத்தியவர்கள் பேர்லின் அறிஞர்கள். அவர்களுக்குத் துணைநின்ற கருவியை ஆக்கியவர் றிச்சட் அஸ்மான் (1845 - 1918). மக்டபேர்க்கிற் பிறந்து மருத்துவங் கற்றுச் சில காலம் மருத்துவராகத் தொழில் புரிந்த இவர், வளிமண்டலவியலில் ஈடுபாடு கொண்டு 1886இல் பேர்லினிலுள்ள பிரஷ்ய வளிமண்டலவியல் நிறுவகத்திற் சேர்ந்தார். பலூன் ஓட்டியும் பொறியியலில் வல்லவருமான ஹான்ஸ் பார்ட்ஷ் ஃபொன் சிக்ஸ்ஃபெல்டின் ஒத்துழைப்போடு அவர் அமைத்த கருவியே அஸ்மான் ஈரமானி என இன்றும் வழங்குகின்றது. 1887இல் அதனை அறிவித்த அவர், வளியின் உண்மையான வெப்பநிலையையும் ஈரத்தையும் அறிவதற்கான கருவி என்றே அதனைக் குறிப்பிட்டார். 'உண்மையான' என்னும் அடைமொழி ஈண்டு நோக்கற்பாலது.

கருவியின் அமைப்பு எளிமையானது. இரண்டு வெப்பமானிகள் அருகருகே நிற்கும். ஒவ்வொன்றின் குமிழையும் ஒன்றனுள் ஒன்றாக அமைந்த இரண்டு உலோகக் குழாய்கள் சூழ்ந்திருக்கும். குழாய்களின் மேற்பரப்பு கண்ணாடி போல் மினுக்கப்பட்டுள்ளமையால் வெயிலின் பெரும்பகுதி தெறித்துச் செல்லும். எஞ்சிய வெயில் வெளிக்குழாயைச் சிறிது சூடேற்றினும், இரு குழாய்களுக்கும் இடையே ஓடும் வளி அச்சூட்டைக் கொண்டு போய்விடும். குழாய்கள் மேலே ஒன்றுகூடி நடுக்குழாயொன்றில் இணையும். அதன் உச்சியில் ஒரு சிறு விசிறி. அதனை இயக்குவது கடிகாரத்தில் உள்ளது போன்ற சுருள்வில். சாவியால் வில்லை முறுக்கிவிட்டால் விசிறி சில நிமிடங்கள் சுழன்று, குமிழ்களைக் கடந்து செக்கனுக்கு ஏறத்தாழ இரண்டரை மீற்றர் வேகத்தில் வளியை இழுக்கும்.

இங்கு இரண்டு நுட்பங்கள் கவனத்திற்குரியன. முதலாவது, விசிறி வளியை ஊதுவதில்லை, உறிஞ்சுகின்றது. எந்தப் பொறியும் இயங்கும்போது சிறிதளவு சூட்டைப் பிறப்பிக்கும். விசிறி ஊதுமாயின் அச்சூடு குமிழின் மீது வந்து சேரும். உறிஞ்சுமாயின் வளி முதலிற் குமிழைக் கடந்து, அதன் பின்னரே பொறியைத் தொடும். இரண்டாவது, வலுவைச் சேமித்து வைத்துச் சீராக வழங்கும் முறை. கவண்போற் சுழற்றுபவனின் கைவலு அவ்வப்போதே செலவாகிவிடும். அதே கை ஒரு சுருள்வில்லை முறுக்கும்போது அவ்வலு சேமிக்கப்பட்டு, பின்னர் சிறிது சிறிதாக, ஏறத்தாழ ஒரே அளவில் வெளிப்படுகின்றது. அவதானிப்பவர் அருகில் நில்லாது விலகிநின்று, தம் உடலின் சூடு கருவியைத் தீண்டாதவாறு வாசிக்கலாம். அஸ்மான் கண்ட வில்லும் இன்றைய மின்கலமும் ஆற்றும் தொழில் ஒன்றே.

பேர்லினிலிருந்து இக்கருவியோடு பலூன்கள் பல முறை வானேறின. சூடேறிய கூடையிலிருந்து விலகியிருக்கும்படி கருவி ஒரு நீண்ட கையில் வெளியே தொங்கவிடப்பட்டது. தொலைகாட்டி மூலம் அதன் அளவு வாசிக்கப்பட்டது. 1894 டிசெம்பர் 4ஆம் நாள் ஆர்தர் பேர்சன் தனியொருவராக 9,155 மீற்றர் உயரத்தை எட்டி, அங்கு மறை 47.9 பாகை செல்சியஸ் வெப்பநிலையைப் பதிவு செய்தார். இப்பறப்புகளின் பெறுபேறுகளை அஸ்மானும் பேர்சனும் 1899, 1900ஆம் ஆண்டுகளில் மூன்று பெருந்தொகுதிகளாக வெளியிட்டனர். கிளெய்சரின் அளவுகள் திருத்தப்பட வேண்டியவை என்பது அவற்றால் நிலைநாட்டப்பட்டது.

படைமண்டலத்தின் கண்டுபிடிப்பு

காற்றோட்டம் பற்றிய இவ்வக்கறை அஸ்மானை அதனினும் பெரிய கண்டுபிடிப்பொன்றுக்கு இட்டுச் சென்றது. மேலே செல்லச் செல்ல வெப்பநிலை இடையறாது குறையும் என்றே அக்காலத்தில் நம்பப்பட்டது. ஆனால் தாமாகப் பதிவு செய்யும் கருவிகளைத் தாங்கி ஆளின்றி அனுப்பப்பட்ட பலூன்கள், ஏறத்தாழ 11 கிலோமீற்றருக்கு மேல் வெப்பநிலை குறையாது நிற்பதாகவும் சில வேளைகளிற் சற்றே கூடுவதாகவும் காட்டின. இது இயற்கையின் உண்மையா, அன்றி வெயிலாற் சூடேறிய கருவியின் பொய்யா? கிளெய்சருக்கு நேர்ந்ததை அறிந்தவர்கள் இரண்டாவதையே முதலில் ஐயுற்றதில் வியப்பில்லை.

பிரான்ஸ் நாட்டின் தெசரெங் து போர் நிழலின் வழியைத் தேர்ந்தார். வெயிலே இல்லாத இரவில் பலூன்களை அனுப்பி, அதே பெறுபேறு கிடைக்கக் கண்டார். அஸ்மானோ காற்றின் வழியைத் தேர்ந்தார். திறந்த வாயையுடைய கடதாசிப் பலூன்கள் தமது உச்ச உயரத்தை அண்மிக்கும்போது வேகங் குறைந்து மிதக்கும். அப்போது கருவிக்குக் காற்றோட்டம் நின்றுவிடும். இதற்குப் பதிலாக அஸ்மான் மூடிய இறப்பர்ப் பலூன்களைப் பயன்படுத்தினார். அவை உயர உயர விரிந்து, வெடிக்கும் கணம் வரை வேகங் குன்றாது ஏறும். ஏறுகின்ற விரைவே கருவிக்குள் காற்றைச் செலுத்தும். விசிறியும் வில்லும் இன்றியே காற்றோட்டத்துக்கு வலு கிடைத்தது. 236 பலூன் ஏற்றங்களை ஆதாரமாகக் கொண்டு தெசரெங் து போர் 1902 ஏப்ரில் 28ஆம் நாள் பரிஸிலும், ஆறு ஏற்றங்களை ஆதாரமாகக் கொண்டு அஸ்மான் மூன்று நாள் கழித்துப் பேர்லினிலும் தத்தம் முடிவை அறிவித்தனர். இன்று படைமண்டலம் எனப்படும் வளிப்படை இவ்வாறே அறியப்பட்டது. நிழலும் காற்றும் என்ற இருவேறு வழிகளிற் சென்றோர் ஒரே முடிவை அடைந்தமையே அம்முடிவுக்கு உறுதி தந்தது.

மின்வலுவும் அதன் மயக்கமும்

இருபதாம் நூற்றாண்டில் சுருள்வில்லின் இடத்தை மின்மோட்டர் மெல்ல மெல்லப் பெற்றது. வில் சில நிமிடங்களே இயங்கும். மின்னோ நாள் முழுதும் இயங்கும். குறித்த வேளைகளில் ஆள் சென்று வாசிக்கும் வழக்கம் மாறி, தானியங்கிக் கருவிகள் இடையறாது பதிவு செய்யும் வழக்கம் வந்தபோது, விசிறியும் இடையறாது சுழல வேண்டியதாயிற்று.

வலு கிடைத்துவிட்டதாற் சிக்கல் தீர்ந்துவிட்டதாகக் கொள்ளலாகாது. 1980களில் ஐக்கிய அமெரிக்காவின் வானிலை நிலையங்களில் விசிறியால் காற்றோட்டம் பெறும் புதிய வகைக் கருவியொன்று பொருத்தப்பட்டது. 1990 யூன் 26ஆம் நாள் அரிசோனா மாநிலத்தின் ரூசன் நகரில் 117 பாகை பரனைற்று, அதாவது 47 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பநிலை பதிவாகி, அந்நகரின் அதுவரையிலான உச்சத்தை விஞ்சியது. அக்காலத்தில் அங்கு பதிவான உச்சங்கள் மெய்யானவையா, கருவியின் குறையாற் பிறந்தவையா என ஆராய்ந்த கட்டுரையொன்று 1992இல் காலநிலை ஆய்வுச் சஞ்சிகையொன்றில் வெளியாயிற்று. காற்றோட்டம் போதாமையும், கருவி வெளியேற்றிய சூடான வளி மீண்டும் அதனுள்ளேயே இழுக்கப்பட்டமையும் அளவுகளை உயர்த்தியிருந்தன என்பது அதன் முடிபு. பின்னர் காற்றோட்டம் வலுப்படுத்தப்பட்டுக் கருவி திருத்தியமைக்கப்பட்டது. விசிறி இருக்கின்றது என்னும் நம்பிக்கையே பிழையை மறைக்கும் திரையாகிவிடக் கூடும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இவ்வனுபவத்தின் பயனைப் பிற்கால நிலையங்களிற் காணலாம். காலநிலை மாற்றத்தை ஐயந்திரிபற அளப்பதற்கென ஐக்கிய அமெரிக்கா இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்து, 2008 அளவில் 114 நிலையங்களாக விரித்த வலையமைப்பில், ஒவ்வொரு நிலையத்திலும் மூன்று வெப்பமானிகள் தனித்தனி உறைகளில், தனித்தனி விசிறிகளோடு அமைந்துள்ளன. விசிறியின் சுழல்வேகமும் வெப்பநிலையோடு சேர்த்துப் பதிவு செய்யப்படுகின்றது. வெப்பமானியை மட்டுமன்றி, வெப்பமானிக்குக் காற்று வீசுவதையும் கண்காணிக்க வேண்டும் என்பதே இதன் உட்கருத்து.

வீட்டு முற்றத்து விசிறி

கணினிகளைக் குளிர்விக்கவென 1980கள் முதல் பெருந்தொகையாக ஆக்கப்பட்ட சிறு நேர்மின்னோட்ட விசிறிகள் இவ்வரலாற்றின் அடுத்த கட்டத்தைத் திறந்துவிட்டன. தேய்ந்துபோகும் தூரிகைகள் அற்று, இலத்திரனியற் சுற்றால் இயங்கும் இவ்விசிறிகள் விலை மலிந்தவை. இடையறாது ஆண்டுக்கணக்கில் இயங்கவல்லவை. ஒரு காலத்தில் பேர்லின் நிறுவகம் பெருஞ்செலவிற் செய்வித்த வசதி, இன்று எந்த வீட்டாருக்கும் எட்டக்கூடியது. அமெரிக்காவின் டேவிஸ் நிறுவனம் போன்றவை பகலில் சூரியப் படலாலும் இரவில் மீள்மின்னேற்றும் கலங்களாலும் விசிறி சுழலும் கருவிகளை வீட்டு அவதானிகளுக்கென விற்பனை செய்து வருகின்றன. தாமே அமைத்துக் கொள்வோரும் பலர்.

அவர்கள் முதலிற் செய்யவேண்டியது ஒரு கணக்கு. 12 வோல்ற்றில் 0.1 அம்பியர் மின்னோட்டத்தைக் கொள்ளும் விசிறி 1.2 வாற்று வலுவை நுகரும். மின்குமிழோடு ஒப்பிடின் இது அற்பமே. ஆயின் இடையறாது ஓடுவதால் ஒரு நாளில் 28.8 வாற்று மணி சக்தி செலவாகின்றது. சிறிய மீள்மின்னேற்றும் கலங்கள் நான்கில் அடங்குவது ஏறத்தாழ 10 வாற்று மணி. எட்டு மணி நேரத்தில் அவை வறிதாகிவிடும். 12 வோல்ற்று, 7 அம்பியர் மணி ஈயக் கலவடுக்கில் 84 வாற்று மணி உண்டு. கணக்களவில் ஏறத்தாழ மூன்று நாட்களுக்குப் போதும். எனினும் அதனை முற்றாக வெறுமையாக்கினால் அதன் ஆயுள் குன்றும். நாளொன்றுக்கு ஐந்து மணி நேர முழு வெயிலுக்கு ஒப்பான ஒளி கிடைக்குமாயின், இழப்பையும் கருதிப் பத்து வாற்றுச் சூரியப் படல் ஒன்று இவ்விசிறிக்குப் போதுமானது. விசிறியின் சுழல்வேகம் பாதியாகக் குறைந்தால் தேவைப்படும் வலு எட்டிலொரு பங்காகக் குறையும் என்பது பொதுவிதி. ஆதலின் குமிழைக் கடக்கும் வேகம் போதுமானதாக இருக்கும் வரை, மெதுவாகச் சுழலும் விசிறி பெருஞ்சிக்கனமாகும். உலகவழக்கில் விசிறிக் கருவிகளுக்குச் செக்கனுக்கு இரண்டரை மீற்றருக்குக் குறையாத வேகம் விதந்துரைக்கப்படுகின்றது. அஸ்மானின் வில் தந்த வேகமும் ஏறத்தாழ அதுவே.

இக்கணக்கு இடத்துக்கிடம் வேறுபடும் என்பதும் கருதத்தக்கது. பேர்லினில் டிசெம்பர் மாதப் பகல் எட்டு மணி நேரத்துக்கும் குறைவானது. ஞாயிறும் தாழ்வாகவே செல்லும். அங்கு நீண்ட இரவையும் மங்கிய பகலையும் தாங்கப் பெரிய கலவடுக்கு வேண்டும். மத்திய கோட்டுக்கு அண்மையிலுள்ள இலங்கையிலோ ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழப் பன்னிரண்டு மணி நேரம். விசிறிக்கு வலு தேடுவோருக்கு இந்நாடு வாய்ப்பானதே.

சூரியப் படலில் மற்றொரு பொருத்தமும் உண்டு. வெப்பமானியைப் பிழைபடச் செய்வது எதுவோ அதுவே விசிறியையும் சுழற்றுகின்றது. வெயில் ஏறப் பிழையும் ஏறும். வெயில் ஏற விசிறியின் வலுவும் ஏறும். முகில் மூடியபோது விசிறி தளரும். அவ்வேளை பிழையும் சிறிதாகவே இருக்கும். இயற்கைக் காற்றை நம்பிய ஸ்டீவன்சன் பெட்டி, தேவை மிகும் வேளையிற் கைவிடப்பட்டது. சூரியப் படலோ தேவை மிகும் வேளையிற் கைகொடுக்கின்றது. எனினும் தெளிந்த இரவில் உறை வானத்தை நோக்கி வெப்பத்தை இழந்து, வளியை விடக் குளிர்ந்துவிடும் பிழை ஒன்று உண்டு. பகற்பிழையை விடச் சிறிதாயினும் அதனையும் நீக்க விரும்புவோருக்குக் கலவடுக்கு இன்றியமையாதது.

யாவற்றிலும் முதன்மையான எச்சரிக்கை ஒன்று உளது. விசிறிக்கென வகுக்கப்பட்ட உறை, இயற்கைக் காற்று எளிதில் நுழையாதவாறு மூடிய குழாயாகவே பெரும்பாலும் அமையும். விசிறி சுழலும்வரை அது மிகச் சிறந்த கருவி. விசிறி நின்றால் சாதாரண வெண்பெட்டியை விடவும் மோசமான கருவி. மின்கலம் வறிதாதல், குளவி கூடு கட்டுதல், கடற்காற்றின் உப்பாலும் தூசியாலும் தாங்கி இறுகுதல் ஆகிய யாதானுமொன்று போதும், அது ஓசையின்றி நின்றுவிட. அதன் பின்னரும் வெப்பமானி எண்களைத் தந்துகொண்டேயிருக்கும். அவை பிழையான எண்கள் என்று எந்த எண்ணும் தன்னைப் பற்றிச் சொல்லாது. ஆதலின் விசிறி நின்ற நாளைக் குறித்து வைப்பதும் அவதானியின் கடமையே.

முடிவுரை

கவண், துருத்தி, சுருள்வில், இறப்பர்ப் பலூன், மின்கம்பி, சூரியப் படல் என வலுவின் வடிவங்கள் மாறிவந்துள்ளன. மாறாதது ஒன்றே: வளியின் வெப்பநிலை என நாம் எழுதும் எண், கருவிக்குக் காற்றுத் தந்த வலுவின் நேர்மையைப் பொறுத்தது. கிளெய்சரின் துணிவு அவ்வெண்ணைக் காப்பாற்றவில்லை. அஸ்மானின் சிறு விசிறி காப்பாற்றியது. ரூசனிற் போதாத விசிறி அதனை மீண்டும் ஐயத்துக்குள்ளாக்கியது.

உலகின் வெப்பநிலை ஒரு பாகையளவு உயர்ந்ததா, ஒன்றரைப் பாகையளவு உயர்ந்ததா என்பதன் மீது நாடுகளின் எதிர்காலக் கொள்கைகள் வகுக்கப்படும் காலம் இது. காற்றோட்டமற்ற ஒரு பெட்டி நண்பகலிற் செய்யும் பிழையும் அதே அளவினது. பல்லாயிரம் நிலையங்களின் பதிவுகளை ஒப்பிட்டுப் பிழைகளைக் களையும் முறைகளை அறிவியல் வகுத்துள்ளது. அம்முறைகள் கொட்டில்களையும் பெட்டிகளையும் அருகருகே நிறுத்தி ஒப்பிட்டவர்களின் பொறுமையான உழைப்பின் மேலேயே எழுந்துள்ளன. ஹம்ஷயரின் மதகுருவும் கொழும்பின் அவதானியும் அவ்வுழைப்பிற் பங்குகொண்டோர். தம் வீட்டு முற்றத்தில் ஒரு சிறு விசிறி இரவும் பகலும் நில்லாது சுழல வழிதேடுபவரும் அவர்தம் வரிசையிற் சேரத்தக்கவரே. ஆயின், விசிறி சுழன்ற நாட்களோடு நின்ற நாட்களையும் அவர் மறைக்காது எழுதிவைத்தல் வேண்டும்.